பல் டாக்டர் துப்பறிந்த மூக்குத்தி

எங்கள் குப்பத்து மீன் ஏலக்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டது அன்றுதான் முதல் தடவை.

பஞ்சாயத்து என்றால் எங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. தலைவரும் பெரியவர்களும் கூடத்துச் சிமென்ட் தரையில் கிழக்குப் பார்த்து உட்காருவார்கள். மற்ற ஆண்கள் எதிரே மணலில். பெண்கள் கூடத்துக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே பேசுகிறவர்களைவிடச் சத்தமாகப் பேசுவார்கள். அன்று அந்த ஒழுங்கு போய்விட்டது. வட்டத்தில் முன்வரிசை எது, பின்வரிசை எது? ஊர்த் தலைவர் கோவிந்தன் மூன்று நாற்காலி மாறி உட்கார்ந்து பார்த்தார். எதில் உட்கார்ந்தும் அவருக்குத் தலைவராக உட்கார்ந்த மாதிரி இல்லை.

நடுவில் என் வீட்டுக்காரர் ஏழுமலை நின்றார். படகு இன்ஜின் பழுது பார்ப்பது அவர் வேலை. கைலியும் கிரீஸ் படிந்த பனியனும்தான் அவர் உடுப்பு. அன்றோ, என் தம்பி கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியிருந்தார். ஏரிக்காற்று நின்றுபோன பிற்பகல். கோட்டுக்குள் மனிதர் வெந்துகொண்டிருந்தார். பாச்சாவுருண்டை வாசனை கூடத்து மீன் வாசனையையும் மீறி வந்தது.

எல்லார் கையிலும் பேப்பர் கப்பில் டீ. ஊற்றிக் கொடுத்தது நான்.

“தயவுசெய்து தேநீர் அருந்துங்கள்,” என்றார் அவர். இருபத்தைந்து வருஷக் குடும்ப வாழ்க்கையில் ‘தயவுசெய்து’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

எனக்குப் பக்கத்தில் இருந்த கன்னியம்மா என் காதருகே குனிந்தாள். “இன்னா அண்ணி, அண்ணனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?”

அந்த டீ முடிவதற்குள் அவள் பெயரைத்தான் அவர் சொல்லப் போகிறார் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

திருக்கை முள்

இது நடந்து மூன்று நான்கு மழைக்காலம் ஆகியிருக்கும். அதற்கு முந்தைய வாடைக் காலத்தில், கடலோடு கலக்கும் எங்கள் உப்பு ஏரியில் இறங்கி ஒரு படகைத் தள்ளியபோது என் வீட்டுக்காரரின் காலில் திருக்கை முள் ஏறிவிட்டது. பாதம் பூசணிக்காய் அளவு வீங்கியது. டாக்டர் நடக்கக் கூடாது என்றார். நடக்க முடியாத ஆம்பளையை வீட்டில் வைத்துச் சமாளிப்பது எப்படி என்று அந்த டாக்டர் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை.

சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் டிவியில் செருகுகிற ஒரு குச்சியை அனுப்பி வைத்தாள். அதில்தான் அந்தத் தொடர் வந்தது. இங்கிலாந்தில் எடுத்தது; தமிழில் பேசவிட்டிருந்தார்கள். ஒரு சின்ன ஊர். அங்கே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பல் டாக்டர். பக்கத்து வீட்டில் தேனீ வளர்க்கும் ஒரு விதவை அம்மாள். ஊரில் யாராவது செத்துப் போவார்கள். டாக்டர் சைக்கிளில் போவார். மண்டியிட்டுப் பூதக்கண்ணாடியில் தரையைப் பார்ப்பார். விதவை அம்மாள் கேக் கொண்டுவருவாள். கடைசியில் எல்லாரையும் ஒரு கூடத்தில் வட்டமாக உட்காரவைத்து, டீ கொடுத்து, ஒவ்வொருவராகச் சுட்டிக்காட்டி, கடைசியில் ஒருவரைப் பிடிப்பார். பிடிபட்டவரும் தகராறு பண்ணாமல், “ஆம், நான்தான் செய்தேன். அவர் என் ரோஜாச் செடிகளை அவமதித்தார்,” என்பார்.

அந்த ஊரில் ஒருவர் கூட வேலைக்குப் போய் நான் பார்க்கவில்லை.

எங்கள் தெருவுக்கு அது பிடித்துப் போனது. சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டு முன்னறை நிறைந்துவிடும். டீக்கடை வைத்திருக்கும் கிழவர், ஊரே ‘நைனா’ என்று கூப்பிடும் மனிதர், கடையை மூடிவிட்டு வந்துவிடுவார். கன்னியம்மா இறால் விற்றுவிட்டு ஈரப் புடவையோடு வாசல்படியில் உட்காருவாள்.

“வாரத்துக்கு ஒரு பொணம் வுயுது. ஒரு குடும்பமாவது ஊர காலி பண்ணிகினு போவுதா பாரு,” என்பார் நைனா.

“எயவு ஊட்ல போயி டீ குடிக்கறாங்க அண்ணி. அதுவும் பிஸ்கோத்து தொட்டுகினு,” என்பாள் கன்னியம்மா. அவளுக்கு அந்த ஊர்த் தோட்டங்கள்மேல்தான் கோபம். “அம்மாம் பெரிய தோட்டம், ஆளு ஒசரத்துக்கு பூவு. ஒரு கொத்தமல்லி போட்டிருக்காளா? ஒரு மொளகா செடி?”

“நம்ம ஸ்டேஷன்ல போயி ஒரு பல்லு டாக்டரு ‘கொலகாரன் யாருன்னு எனக்குத் தெரியும்’னு சொன்னா, மொதல்ல அவன தூக்கி உள்ள வெச்சிட்டுதான் மீதி பேசுவாங்க,” என்பார் நைனா.

இப்படிச் சிரித்துச் சிரித்துத்தான் பார்த்தோம். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்து, “கண்ண பாரு, தப்பு பண்ணவன் கண்ணு,” என்று சொல்லிக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். கால் வீக்கம் வடிந்தது. மற்றது ஏறிவிட்டது.

தெரு முழுக்கத் தடயம்

போன வாரம் இந்தப் பத்தியில் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அமைப்பாளர் வேலை என்பதால் அளந்து போடுவதும் எண்ணி வைப்பதும் எனக்குப் பழக்கம். அதனால் வீட்டில் எது இடம் மாறினாலும் எனக்குத் தெரிந்துவிடும். காலில் கட்டு அவிழ்த்த மறுநாள், மகள் ஐந்தாம் வகுப்பில் வாங்கிய பூதக்கண்ணாடி அலமாரியில் இல்லை.

அவருடைய முதல் வழக்கு எங்கள் வீட்டுக் கருவாடு. யார் தின்றது என்று ஒரு காலை முழுக்க ஆராய்ந்து, பூனை என்று கண்டுபிடித்தார். பூனை அப்போது எங்கள் எதிரிலேயே உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது.

பேச்சும் மாறியது. டப்பிங் தமிழ் அவருக்குள் புகுந்துகொண்டது. “இன்னாமே, கொயம்பு காரமா கீது” என்று சொல்கிற மனிதர், “சுவாரசியமாக இருக்கிறது, மிகவும் சுவாரசியமாக இருக்கிறது,” என்று குழம்பைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்.

அப்போதுதான் கங்கையம்மன் மூக்குத்தி காணாமல் போனது.

சிவப்புக்கல் மூக்குத்தி

கோயில் சின்னது. ஏரிக்கரையில், ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில். அம்மன் மூக்குத்தியில் சுற்றிலும் சிவப்புக்கல். அதில் ஒரு கல் எப்போதோ உதிர்ந்து, அந்தக் குழியில் அரக்கு வைத்து அடைத்திருப்பார்கள். விலை என்று பார்த்தால் பெரிதில்லை. ஆனால் அம்மன் மூக்கு வெறுமையாக இருந்தால் எந்த வேலையும் தொடங்க மாட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாடு பிரிக்கும் சீட்டு எடுக்கவேண்டியிருந்தது.

வெளியூர் வாசகர்களுக்காகப் பாடு என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏரியில் இறால் நன்றாக ஓடும் இடங்கள் சிலதான். அங்கே யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று ஊர் சீட்டுப் போட்டு எடுக்கும். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். கல்யாணமான ஆம்பளை, அதாவது ஒரு தலைக்கட்டு, பெயர் கொடுக்கலாம். தலைக்கட்டு இல்லாத வீட்டுக்குப் பாடு கிடையாது. திருட்டுப் பட்டம் விழுந்த வீட்டுக்கும் அந்த வருஷம் கிடையாது.

கன்னியம்மா புருஷன் ஏரியிலேயே போய்விட்டபோது அவள் மகன் வேலு பள்ளிக்கூடத்தில் என் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அன்றோடு அந்த வீட்டுப் பாடு போயிற்று. கன்னியம்மா கையால் இறால் பிடித்துத்தான் அவனை வளர்த்தாள். இடுப்பளவு தண்ணீரில் மண்டியிட்டு, சேற்றைத் தடவித் தடவி, பிடித்ததை வாயில் கவ்விய பனையோலைப் பறியில் போட்டுக்கொண்டு நகர வேண்டும். வாயில் பறி இருப்பதால் வேலை நேரத்தில் பேச முடியாது. கரைக்கு வந்ததும் அவள் அவ்வளவு பேசுவது அதனால்தான் என்பது என் கணக்கு.

வேலுவுக்கு அந்த வைகாசியில் கல்யாணமாயிற்று. எளாவூருக்கு அந்தப் பக்கத்துப் பெண். ஞாயிற்றுக்கிழமைச் சீட்டில் அவன் பெயர் முதல் தடவையாக வர இருந்தது. கன்னியம்மா பழைய வலைக் கழிகளைக் கழுவிக் காயவைத்து, போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள்.

மூக்குத்தி காணோம் என்று பூசாரி வந்து சொன்னபோது, தலைவர் போலீசுக்குப் போக வேண்டாம் என்றார். என் வீட்டுக்காரர் முன்னால் வந்து, “இந்த வழக்கை நான் எடுத்துக்கொள்கிறேன்,” என்றார். தலைவருக்கு அந்தத் தொடரில் இரண்டு பாகம் பாக்கி இருந்தது. எங்கள் வீட்டில்தான் பார்க்க வேண்டும். சரி என்றுவிட்டார்.

கூடத்தில் நடந்தது

இப்போது நாற்காலி வட்டத்துக்கு வருகிறேன்.

பல் டாக்டர் தொடரில், குற்றவாளியைச் சொல்வதற்கு முன் குற்றம் செய்யாதவர்களை ஒவ்வொருவராக விடுவிப்பார். விடுவிக்க வேண்டுமானால் அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார் என்று சொல்ல வேண்டும். அதில் ஒவ்வொருவருடைய ரகசியமும் வெளியே வரும். தொடரில் அதற்கப்புறம் பாட்டுப் போட்டு முடித்துவிடுவார்கள். மறுநாள் காலை அவர்கள் எல்லாரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டுமே என்று எடுத்தவர்கள் யோசிப்பதில்லை.

முதலில் நைனாவைச் சுட்டினார். “நீங்கள் அன்று மதியம் கோயில் பக்கம் வரவில்லை. ஏனென்றால் நீங்கள் எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டிப் போய் மது அருந்திக்கொண்டிருந்தீர்கள். கழுத்தில் விரத மாலையோடு.”

நைனா டீயை வைத்துவிட்டார். அவர் சம்சாரம் புடவை முந்தானையை இடுப்பில் செருகினாள்.

“நான் வுட்டுட்டேன்னுதான் சொல்றேன் நைனா. நீ திருடல,” என்றார் என் வீட்டுக்காரர், பழைய பாஷையில், சமாதானமாக.

“நல்லா வுட்டே ஏழுமல,” என்றார் கிழவர். “அந்த மூக்குத்திய நான்தான் எடுத்தேன்னு எய்திக்கோ. ஊட்டுக்கு போறதுக்கு ஜெயிலே மேலு.”

அடுத்தது பூசாரி. கோயிலைப் பூட்டாமல் விட்டுவிட்டுத் திருப்பாலைவனத்தில் கல்யாண மண்டபத்துக்குச் சமையல் வேலைக்குப் போயிருந்தார் என்று தெரிந்தது. அடுத்தது தலைவர். தலைவரை விட்டுவிடுவார் என்று நினைத்தோம். சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்று சொல்லிவிட்டு, அன்று தலைவர் பொன்னேரியில் முன்பல் இரண்டும் கட்டிக்கொண்டிருந்தார் என்றார். பல் விஷயத்தை அவர் சொன்னபோது குரலில் ஒரு பெருமிதம் இருந்தது. தலைவர் அன்று வாயை மூடியவர், கூட்டம் முடியும்வரை திறக்கவில்லை.

“என் மனைவியும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவள் அல்ல,” என்றார் அடுத்து.

நான் டீக் கேத்தலோடு நின்றிருந்தேன்.

“அன்று அவள் பள்ளியிலிருந்து நேரே வீட்டுக்கு வரவில்லை. திருப்பாலைவனம் போய், ஓட்டலில், தன்னந்தனியாக ஸ்பெஷல் தோசை சாப்பிட்டாள்.”

உண்மைதான். மாதத்தில் ஒரு நாள் போவேன். விசிறிக்குக் கீழே ஒரு மேசை பார்த்து உட்கார்ந்து, யாருக்கும் எடுத்து வைக்காமல், யாரும் பாதி கேட்காமல், ஒரு தோசை தின்றுவிட்டு பஸ் ஏறி வந்துவிடுவேன். அது என் ஒருத்தியின் விஷயமாக இருந்தது. அந்த நிமிஷத்திலிருந்து ஊர் விஷயம். “தோசைக்கு என்னா தொட்டுக்க குடுக்கறாங்க அண்ணி?” என்று பின்னால் ஒருத்தி கேட்டாள்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். கோயில் கருவறை வாசலில், சிமென்ட் தரையில், காய்ந்த சேற்றில் இரண்டு வட்டத் தடம் இருந்ததாகச் சொன்னார். போனில் படம் காட்டினார். பாதத்தின் தடம் இல்லை. முட்டியின் தடம்.

“நம் ஊரில் முட்டியால் நடக்கிறவர்கள் யார்?” என்று கேட்டு நிறுத்தினார். “கையால் இறால் பிடிக்கிறவர்கள். அப்படிப் பிடிக்கிறவர்களில், வீட்டுக்குப் புது மருமகள் வந்திருப்பவர் யார்? அந்த மருமகளுக்குப் புதிதாக மூக்குக் குத்தியிருப்பவர் யார்?”

எல்லார் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது.

கன்னியம்மா முதலில் பின்னால் திரும்பிப் பார்த்தாள், யாரைப் பார்க்கிறார்கள் என்று. பிறகு எழுந்தாள்.

“அண்ணே. எறா புடிக்கத்தான் நா மண்டி போடுவேன். சாமிய நின்னுதான் கும்புடுவேன். மண்டி போட்டா எழுந்துக்க முடியல, ரெண்டு முட்டியும் போயி பத்து வருசமாவுது.”

“மாமா,” என்றான் வேலு. “எங்கம்மா எடுத்திருந்தா, எங்கம்மாவே மொத ஆளா வந்து ஊருக்கே சொல்லி இருக்கும். அதுக்கு வாயில பறி இல்லன்னா எதுவும் நிக்காது, உனக்கே தெரியும்.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஆனால் போனில் இருந்த படம் கை மாறிக்கொண்டிருந்தது. இரண்டு வட்டம். பார்க்கிற ஒவ்வொருவரும் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, அடுத்தவரிடம் கொடுத்தார்கள். முட்டித் தடத்தைப் பார்த்தால் இறால் பிடிக்கிறவர்கள் ஞாபகம்தான் இந்தக் கரையில் யாருக்கும் வரும்.

பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். விஷயம் தீரும்வரை வேலு பெயரைச் சீட்டில் எழுத வேண்டாம் என்றார்கள். தலைவர் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

மருமகள் பெண் மூக்கில் வேப்பங்குச்சிதான் இருந்தது. அதைக் கூட யாரும் பார்க்கவில்லை.

கைலி

மறுநாள் காலையில் துணி ஊறவைத்தேன். என் வீட்டுக்காரர் கைலிகளில் ஒன்றில், முட்டி படும் இடத்தில், இரண்டு வட்டமாகச் சேறு காய்ந்திருந்தது. மூக்குத்தி காணாமல் போன அன்று அவர் ஏரியில் ஒரு இன்ஜினைக் கழற்றிக்கொண்டிருந்தார். பூசாரி சொன்னதும் அப்படியே கரையேறி, கோயிலுக்குப் போய், பூதக்கண்ணாடியோடு மண்டியிட்டிருக்கிறார். பிறகு எழுந்து, தரையில் ஒரு தடம் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்.

கைலியை அவர் முன்னால் விரித்தேன்.

வெகுநேரம் பார்த்தார். “சுவாரசியமாக இருக்கிறது,” என்றார்.

“சுவாரசியம் இருக்கட்டும். போயி தலைவராண்ட சொல்லிட்டு வாங்க.”

“இரு. ஒவ்வொரு பாகத்துலியும் டாக்டரு பாதில ஒரு தப்பான ஆள புடிப்பாரு. அப்பறம்தான் சரியான ஆளு. இதுவும் அப்பிடித்தான் வருது, கரெக்டா.” அவர் முகம் தெளிந்துவிட்டது. “கன்னியம்மா இல்லன்னா மீதி கீறவங்கள விசாரிக்கணும். சனிக்கெயம சாயங்காலம் இன்னொரு கூட்டம் போட்டுர்றேன். இந்த தடவ பொம்பளைங்க எல்லாரையும்.”

சொல்லித் தொலைத்தார். தலைவரிடம் போய், தடம் தன்னுடையதுதான் என்று சொன்னார். கூடவே இரண்டாம் கூட்டத்தையும் சொன்னார். பெரியவர்கள் யோசித்தார்கள். ஊர் முன்னால் ஒரு வீட்டின் பெயரைச் சொல்லியாயிற்று. தடம் பொய் என்பதால் அந்த வீடு எடுக்கவில்லை என்று ஆகிவிடுமா? மூக்குத்தி வந்தால் பெயர் எழுதலாம், வராவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். தொடரில் இப்படி ஒரு பஞ்சாயத்து வந்ததே இல்லை.

மறுநாள் வெயில் ஏறும் முன் கன்னியம்மா ஏரிக்குப் போகிற வழியில் எங்கள் வாசலில் நின்றாள். பறி கையில் இருந்தது. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

“அண்ணி, அடுத்த வருசம்ங்கறாங்க. அடுத்த வருசம் எனக்கு முட்டி இருக்காது,” என்றாள். “பையன் பேரு வரணும். எம் மூக்குல கீறத வேணா கயட்டி சாமிக்கு குடுத்துர்றேன். வாங்கிக்க சொல்லு.”

“குடுத்தா நீதான் எடுத்தன்னு ஆயிடும்.”

“ஆமாம் இல்ல,” என்றாள். பறியை மறு கைக்கு மாற்றினாள். “டீ நல்லாத்தான் போட்டிருந்த அண்ணி அன்னிக்கு,” என்று சொல்லிவிட்டு, பறியை வாயில் கவ்விக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

பானை

எங்கள் ஊரில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அதற்குத் தனிப் பெயர் கிடையாது. ‘பானை வைக்கிறது’ என்பார்கள். பொருள் காணாமல் போனால், கோயில் உள்ளே ஒரு பெரிய பானை நிறைய ஏரிச் சேறு வைத்து, வாசலில் பழைய வலையை நாலாக மடித்துத் திரையாகக் கட்டிவிடுவார்கள். ஊரில் எல்லாரும் கையை மூடிக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே போய், முழங்கைவரை சேற்றில் விட்டு எடுத்து வர வேண்டும். எடுத்தவர் போட்டுவிடலாம். யார் என்று யாரும் கேட்கக் கூடாது. பிறகு பானையை ஏரியில் கழுவுவார்கள். சுருக்கமாகச் சொன்னால், பல் டாக்டருக்கு வேலையே இல்லாத ஏற்பாடு.

இரண்டாம் கூட்டம் என்ற செய்தி பரவியதும், ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் தலைவர் வீட்டு வாசலில் நின்றார்கள். நைனா சம்சாரம்தான் முன்னால். “சனிக்கெயம கார்த்தால பான வைங்க தலைவரே. சாயங்காலம் இவரு கோட்டு போட்டாருன்னா, நாங்க கோட்டோட ஏரில எறக்கிடுவோம்.”

தலைவர் முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தார். சரி என்றார்.

சனிக்கிழமை காலை வரிசையில் நின்றோம். என் வீட்டுக்காரர் வேப்பமரத்தடியில், உள்ளே போகிறவர்களின் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலைவர் அவரைத் திரும்பி நிற்கச் சொன்னார். மரத்தைப் பார்த்து நின்றார்.

எல்லாரும் போய் வந்தோம். எல்லார் கையும் முழங்கைவரை ஒரே கறுப்பு. கன்னியம்மா வெளியே வந்தபோது தலைவர் முகத்தைத்தான் பார்த்தாள். பானையில் ஒன்றும் இல்லாமல் போனால் நாளைச் சீட்டில் வேலு இல்லை. அதைத்தான் அங்கே நின்ற எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நாலு பேர் இறால் வலையை விரித்துப் பிடிக்க, தலைவர் பானையைக் கவிழ்த்தார். தண்ணீரில் வலையை ஆட்ட ஆட்டச் சேறு கரைந்தது.

முதலில் வந்தது ஒரு ஸ்பார்க் பிளக். “அய்ய, இது என்னுது,” என்றார் என் வீட்டுக்காரர். பொங்கலிலிருந்து அதைத் தேடிக்கொண்டிருந்தார். அடுத்து வலையின் ஈயக்குண்டுகள் சில. ஏலக்கூடத்துச் சாவி. ஒரு குழந்தையின் வெள்ளிக் கொலுசு. மூக்குத்தி எடுத்தவருக்காக வைத்த பானையில், ஊர் தன் சில்லறைக் கணக்கையும் தீர்த்துக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு மூக்குத்தி. வெள்ளைக்கல், ஒற்றை. அம்மனுடையது இல்லை.

பிறகு இன்னொன்று. அதுவும் வெள்ளைக்கல். பிறகு ஒரு பச்சைக்கல். தலைவர் ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பிறகு தாமரைப்பூ வேலைப்பாட்டில் ஒன்று. கடைசியில், வலையின் மூலையில், சுற்றிலும் சிவப்புக்கல்லும் ஒரு குழியில் அரக்குமாக, அம்மனுடைய மூக்குத்தி.

தலைவர் நிமிர்ந்து பெண்கள் பக்கம் பார்த்தார். சேறு படாத கையால் முந்தானையை இழுத்து மூக்கை மூடிக்கொண்டு சில பேர் நின்றோம். வெயிலுக்கு மூடிக்கொண்டதாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

“மத்ததெல்லாம் யாருது?” என்று கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர் ஓரடி முன்னால் வந்தார். கண்ணில் அந்தப் பழைய ஒளி.

“ஏழுமல,” என்றார் தலைவர். “பானைல வுயுந்தது அம்மனுது. யாருன்னு கேக்கக் கூடாது. போயி பிளக்க மாட்டு.”

வேலு பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னார். கன்னியம்மா தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க வேலுவும் மருமகளுமாகக் கை கொடுக்க வேண்டியிருந்தது. மறுநாள் சீட்டில் அவனுக்கு முகத்துவாரத்துப் பக்கம் விழுந்தது. நல்ல இடம்.

எல்லாரும் கன்னியம்மாவுக்காகவே கழற்றிப் போட்டார்கள் என்று நான் எழுதமாட்டேன். பானை காலியாக இருந்தால் சாயங்காலம் கூட்டம் உண்டு. அந்தப் பயமும் பாதி இருந்தது. இரண்டும் சேர்ந்துதான் கை திருகாணியைத் திருகியது. தாமரைப்பூ என்னுடையது. கல்யாணத்தின்போது அவர் வாங்கிப் போட்டது.

வெள்ளிக்கிழமை

அம்மனுக்கு இப்போது ஐந்து மூக்குத்தி. பூசாரி வெள்ளிக்கிழமைக்கு ஒன்றாக மாற்றிப் போடுகிறார். மற்றக் குப்பத்துக்காரர்கள் பொறாமைப்படும் அளவுக்கு எங்கள் அம்மனுக்கு வசதி வந்துவிட்டது.

அம்மன் என்னுடையதைப் போட்டிருந்த முதல் வெள்ளிக்கிழமை, என் வீட்டுக்காரர் என்னோடு கோயிலுக்கு வந்தார். என் மூக்கு வெறுமையாகி அப்போது ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த மாதம் முழுக்க இருவரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டோம்.

கற்பூரம் காட்டினார்கள். அவர் கையெடுத்துக் கும்பிட்டவர், சட்டென்று கும்பிடுவதை நிறுத்திவிட்டு, தலையைச் சாய்த்து அம்மன் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“இந்த மூக்குத்திய நா எங்கியோ பாத்துகீறேன்,” என்றார்.

“அப்பிடியா?”

“தாமரப்பூ மாரி.” அவர் யோசித்தார். என் பக்கம் திரும்பி, என் முகத்தையே பார்த்துக்கொண்டு யோசித்தார். கற்பூரம் அணைந்தது. பூசாரி திருநீற்றுத் தட்டோடு காத்திருந்தார்.

“இன்னா, ஞாபகம் வர்தா?” என்று கேட்டேன்.

“இல்ல,” என்றார். “அம்மன் மூக்குத்தி எல்லாம் எங்க பாத்தாலும் ஒரே மாரிதான் கீது.” என்று சொல்லிவிட்டு, திருநீற்றை எடுத்து, முதலில் என் நெற்றியில் வைத்துவிட்டார்.